பதினோராவது பல்

போன ஜூன் மாதம் ஒரு ராத்திரி, மாங்கூழ் ஆலை வாசல் மேட்டில், என் பிக்கப் வண்டி உருண்டு, பின்னால் நின்ற குட்டியானை லோடு வண்டியின் மூக்கில் போய் மெதுவாக முட்டியது. மேலே ஒன்றரை டன் பெங்களூரா காய். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் இறங்கியிருந்தேன். கையில் டீ கிளாஸ் வேறு. குட்டியானைக்காரர் நல்ல மனிதர். சண்டைக்கு வரவில்லை, "ஏங்ணா, கல்லு வைக்கலையா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் மத்தூர்ப் பக்கம் சீசனில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது சாதாரணக் கேள்விதான். டோக்கன் வாங்கி எடை மேடைக்குப் போவதற்குள் விடிந்துவிடும். பத்தடி நகர்ந்து, நிறுத்தி, கல் வைத்து, கல்லை எடுத்து மறுபடி பத்தடி.

ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது டிக் டிக் என்று பல் விழும் சத்தம் கேட்கும். என் வண்டியில் ஆறாவது பல்லில் பிடிக்கும். அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன்: பதினோராவது பல்லில்தான் ஏதோ பிடித்தமாதிரி இருந்தது. பெரும்பாலான பிக்கப்புகளில் ஹேண்ட் பிரேக் என்பது தனி பிரேக் இல்லை. பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் அதே ஷூவைத்தான் அந்தக் கேபிள் இழுக்கிறது. ஆக, கை சொன்னது கேபிளின் கதை மட்டும் இல்லை.

இதிலே வேடிக்கை, மிதிக்கிற பிரேக்கில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காலி வண்டியை ஓட்டிப் பார்த்தேன், கச்சிதமாக நின்றது. அங்கேதான் ஏமாந்தேன். பிரேக் மிதித்ததும் எடை முன்னால் சாய்கிறது, காலி பிக்கப்பின் பின்பக்கமோ காற்று மாதிரி. அதனால் முன் டிஸ்க்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. போதாததற்கு, பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸிசுக்கும் நடுவில் ஒரு கம்பியோடு வால்வு ஒன்று உண்டு. லோடு ஏறி சேஸிஸ் தாழ்ந்தால், பின்சக்கரத்துக்குப் போகும் ஆயில் அழுத்தத்தை அது கூட்டிவிடும். லோடு இல்லாமல் சேஸிஸ் உயர்ந்தால் குறைத்துவிடும். காலி வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. எனவே காலி வண்டியை ஓட்டிப் பார்த்துப் பின் பிரேக்கைச் சோதிக்க முடியாது. அது வேலை செய்யவே இல்லை என்றாலும் உங்களுக்குத் தெரியாது.

நம் ஊரில் இதற்கு மேல் ஒரு கைவேலை செய்வோம். கூடுதல் லோடு தாங்கட்டும் என்று பின்னால் ஸ்பிரிங் பட்டை ஒன்றிரண்டு அதிகம் போடுவோம். நானும் போட்டேன். பட்டை கெட்டியானால் இரண்டு டன் ஏற்றினாலும் சேஸிஸ் அவ்வளவாகத் தாழாது. வண்டி காலி என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். எந்த வண்டிக்குப் பின் பிரேக் அதிகம் வேண்டுமோ அதற்கே குறைத்துக் கொடுக்கும். பட்டை போட்ட இடத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வால்வையும் அதற்கேற்ப மாற்றி வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷம் ஆனது.

சரி, டிரம்மைக் கழற்றலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். போச்சம்பள்ளி சந்தை நாளில் சவாரியை விட்டுவிட்டு உட்கார்ந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஒன்பதாவது படிக்கும் என் பெண், எங்கள் பாப்பா. யோசனை சொல்ல, எனக்குத் தொழில் பழக்கிய மெக்கானிக் அண்ணா. இப்போது கண் சரியாகத் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், காது மட்டும் கூர்மை.

சமதரையில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு இருபக்கமும் கட்டை கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திக்கொண்டேன். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி, அதோடு ஸ்டாண்டும். வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே கை விடக்கூடாது. ஹேண்ட் பிரேக்கை இறக்கியாயிற்று. டிரம் அசையவில்லை. "ஏம்ப்பா, சுத்தியில விளிம்ப அடிக்காத, வார்ப்பிரும்பு உடைஞ்சிரும். மொகத்துல ரெண்டு மரை ஓட்டை இருக்கும் பாரு" என்றார் அண்ணா. இருந்தது. இரண்டிலும் போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்க, டிரம் தானாக வெளியே வந்தது.

உள்ளே கறுப்புத் தூள். ஏர் பிடித்து ஊதிவிடலாம் என்றுதான் கை போகும். பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. பேர் தெரியாத மலிவு லைனிங்கில் என்ன கலந்திருக்கிறது என்பது செய்தவனுக்குத்தான் வெளிச்சம். நுரையீரலுக்குள் போன கல்நார் எளிதில் வெளியே வராது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போட்டோம்.

பிறை வடிவில் எதிரெதிரே இரண்டு ஷூ. மேலே வீல் சிலிண்டர். பெடலை மிதித்தால் அதன் பிஸ்டன்கள் இரண்டு ஷூவையும் விரித்து, சுற்றும் டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். 1902-இல் பிரான்சில் லூயி ரெனோ வகுத்த ஏற்பாட்டின் அடிப்படை இன்னும் மாறவில்லை. இதன் சூட்சுமம் முன்பக்க ஷூவில். வண்டி முன்னால் போகும்போது, டிரம் அந்த ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். கதவுக்கடியில் வைத்த ஆப்பு தள்ளத் தள்ள இறுகுகிறதே, அதைப் போல. பின்பக்க ஷூவை டிரம் விலக்கித் தள்ளும். அதனால் முன்ஷூ சீக்கிரம் தேயும். என் வண்டியில் இடது பக்கம் இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. வலது பக்க முன்ஷூவிலோ லைனிங் நகத்தின் கனம்கூட இல்லை, அதுவும் ஆயிலில் ஊறிப் பளபளவென்று.

ஆயில் எங்கிருந்து? வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கினேன். உள்ளே ஈரம். போன வருஷம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஷூ மாற்றியபோது இந்த மூடியை யாரும் விலக்கிப் பார்க்கவில்லை. ஆயில் ஊறிய லைனிங்கை உப்புத்தாள் தேய்த்து மறுபடி போடுகிறவர்கள் உண்டு. சூடேறினால் உள்ளே குடித்த ஆயில் மறுபடி வெளியே வரும். ஷூ நாலும் புதுசு, இரண்டு பக்கச் சிலிண்டரும் புதுசு என்று முடிவு செய்தேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

நல்ல லைனிங்குக்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. 1964-இல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங், 1974-இல் வந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் இரண்டும் சென்னையில் பிறந்த கம்பெனிகள்தான், இரண்டுமே ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியவை. அசோக் லேலண்டின் தோஸ்த் பிக்கப்பே 2011-இல் நம் ஓசூரில்தான் பிறந்தது.

ஷூக்களைக் கழற்றும்முன் பாப்பா செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். அண்ணாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. "ஒரு பக்கத்த முடிச்சிட்டு அப்பறம் அடுத்த பக்கத்தக் கழட்டு. அது பாட்டுக்கு அங்க படமா நிக்கும்ல?" என்றார். அவர் சொன்னதுதான் உதவியது. எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று குழம்பியபோது, போட்டோவைவிட எதிர்ப்பக்கத்துச் சக்கரம்தான் தெளிவாகப் பதில் சொன்னது. ஷூவை டிரம்முக்கு நெருக்கி வைக்கும் அட்ஜஸ்டரில் மட்டும் எச்சரிக்கை. பல வண்டிகளில் இடதும் வலதும் எதிரெதிர் மரை. மாற்றிப் போட்டால் ஷூ நெருங்குவதற்குப் பதில் விலகிக்கொண்டே போகும். ஷூ உரசும் தட்டு மேடுகளில் சூடு தாங்கும் கிரீஸ் பொட்டு வைத்தமாதிரி. லைனிங்கில் விரல்கூடப் படக்கூடாது.

டிரம்மில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச விட்டம் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். லேத்தில் கொடுத்துக் கடைந்தபோது அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். பிறகு நிப்பிளைத் திறந்து ஏர் எடுத்து, பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றினோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருந்தால் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 டிகிரிக்கே இறங்கிவிடலாம். கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும்.

அவ்வளவு சூடு எங்கிருந்து வரும் என்று பாப்பா கேட்டாள். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட முந்நூறு மீட்டருக்கு மேல் உயரம். லோடோடு மூன்று டன் வண்டி மேலுமலை வழியாக இறங்கினால் எவ்வளவு என்று நோட்டில் போட்டுப் பார்த்தாள்: ஏறக்குறைய 28 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு. அதில் ஒரு பகுதியை இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ளும், கியரில் இறங்கினால். தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்களே, அவர்கள் இன்ஜினின் பங்கையும் பிரேக் தலையிலேயே கட்டுகிறார்கள்.

முப்பது, நாற்பது வேகத்தில் இருபது தடவை மெதுவாகப் பிடித்து விட்டு, இடையில் ஆறவிட்டு, ஷூவையும் டிரம்மையும் பழக்கினேன். அடுத்த வாரம் சந்தூரில் காய் ஏற்றிக்கொண்டு அதே ஆலை மேட்டில் நின்றேன். ஐந்தாவது பல்லில் பிடித்தது. இறங்கி டீக்கடைக்கு நாலடி நடந்தவன், திரும்பி வந்து சக்கரத்துக்குக் கல்லும் வைத்துவிட்டுப் போனேன்.