எலும்பு போச்சு, பெயர் இருக்கு

ஏழெட்டு வருஷமா டைனோசர் பேரினங்களுக்கு ஒரு எக்செல் ஷீட் வெச்சிருக்கேன். படிச்சது பி.இ., பிழைப்பு மென்பொருள்; இது ஞாயிற்றுக்கிழமை வேலை. புதுசா ஒரு பேரினம் அறிவிக்கப்பட்டால் ஒரு வரி சேரும். பெயர், வருடம், யார் வெச்சது, எந்த நாடு. ரொம்ப எளிமையான விஷயம்னுதான் ஆரம்பிச்சேன்.

டேட்டாபேஸ் எழுதுகிறவன் செய்யக்கூடாத தப்பை முதல் நாளே செய்தேன். பெயரையே பிரைமரி கீயா வெச்சுட்டேன். ஒரு பெயர், ஒரு விலங்கு, அவ்வளவுதானே?

அந்த நினைப்பை உடைத்தது சின்டார்சஸ். இன்றைய ஜிம்பாப்வேயில் கிடைத்த ஒல்லியான சிறு ஊனுண்ணி. 1969இல் மைக்கேல் ராத் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். சிக்கல் என்னன்னா, சரியாக நூறு வருடம் முன்பு, 1869இல், ஒரு வண்டுக்கு இதே பெயர் வைத்தாகிவிட்டது. விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பின்படி விலங்குலகம் முழுக்க ஒரு பேரினப் பெயர் ஒரு முறைதான் வரலாம். வண்டோ டைனோசரோ, முதலில் வந்தவருக்கே பெயர். (தாவரங்களுக்குத் தனி விதித்தொகுப்பு. அதனால் ஒரு செடிக்கும் ஒரு பூச்சிக்கும் ஒரே பெயர் இருக்கலாம். நம்ம பாஷையில் சொன்னால், வேறு நேம்ஸ்பேஸ்.)

இதைக் கண்டுபிடித்துத் திருத்தியவர்கள் பூச்சியியல்காரர்கள். 2001இல் அவர்கள் வைத்த மாற்றுப்பெயர் மெகாப்னோசாரஸ். அர்த்தம், 'பெரிய செத்த பல்லி'. முதலில் பெயர் வைத்தவர் உயிரோடிருந்தால் அவருக்குச் சொல்லி, திருத்திக்கொள்ள ஒரு வருடமாவது அவகாசம் தரவேண்டும் என்று அந்த விதித்தொகுப்பின் நன்னெறிப் பகுதியே சொல்கிறது. ராத் உயிரோடுதான் இருந்தார். டைனோசர் ஆய்வாளர்கள் பலருக்கு எரிச்சல். எனக்கு அந்தப் பெயரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது உண்மை, ஆனால் கோபமும் நியாயம்தான். இதில் இன்னொரு கூத்து, இந்த விலங்கு சீலோஃபைசிஸ் பேரினத்திலேயே சேரும் என்பது பலருடைய கருத்து. அது சரியென்றால் 'பெரிய செத்த பல்லி'க்கும் வேலை இல்லை.

அப்போ பெயர் எதைக் குறிக்கிறது? விலங்கை என்றுதான் நாம் நினைக்கிறோம். விதிப்படி பார்த்தால் பேரினப் பெயர் ஒரு மாதிரி இனத்தின் மேல் நிற்கிறது, அந்த இனத்தின் பெயர் ஒரு குறிப்பிட்ட எலும்பின் மேல் நிற்கிறது. அந்த எலும்புக்கு ஹோலோடைப், தமிழில் மூலமாதிரின்னு சொல்லலாம். பாயின்டருக்குள் பாயின்டர். கடைசியில் ஏதோ ஒரு அலமாரியில், பதிவு எண் எழுதிய ஒரு கல் இருக்கணும்.

அந்தக் கல் இருந்தால் மட்டும் போதுமா? டைட்டனோசாரஸ் இண்டிகஸை எடுத்துக்கோங்க. ஜபல்பூரில் கிடைத்த வால் முள்ளெலும்புகளை வைத்து 1877இல் ரிச்சர்ட் லைடெக்கர் பெயரிட்டார். அவற்றில் ஒன்று நெடுங்காலம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டு, 2012இல் கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் சேகரிப்பில் மறுபடி அகப்பட்டது. எலும்பு திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. லைடெக்கர் தனித்தன்மை என்று நினைத்த அம்சங்கள் பின்னாளில் கிடைத்த எத்தனையோ டைனோசர்களின் வாலிலும் இருந்தன. எனவே 2003இலேயே அதைச் 'சந்தேகப் பெயர்' ஆக்கிவிட்டார்கள். டைட்டனோசார்கள் என்ற பெருங்குழுவின் பெயர் மட்டும் ஜம்முனு நிற்கிறது.

இங்கேதான் நான் ஷீட்டில் இரண்டு காலம் சேர்க்கவேண்டி வந்தது. விதிப்படி முறையாக வெளியான பெயரா என்பது ஒன்று. இன்றைக்கு அந்த விலங்கைக் கூப்பிட அதுதான் சரியான பெயரா என்பது இன்னொன்று. புரோகிராம் கம்பைல் ஆவதற்கும் சரியான விடை தருவதற்கும் உள்ள வித்தியாசம் இது. டைட்டனோசாரஸ் கம்பைல் ஆகும்.

கடைசியாக, நம்ம ஊர் கேஸ். அரியலூர்ப் பக்கம் கல்லமேடு. அங்கே கிடைத்த எலும்புகளுக்கு 1987இல் புவியியல் ஆய்வுத்துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசாரஸ் மாட்லேயி என்று பெயரிட்டார்கள். பிருஹத் காயம், அதாவது பேருடல். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்றுதான் எழுதினார்கள். பிறகு 1990களில் சங்கர் சாட்டர்ஜி இது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்றார். இன்று பெரும்பாலும் அதுதான் ஏற்பு. 2023இல் வந்த ஒரு மதிப்பீடு எடையை 110 டன்னுக்கும் மேலே கொண்டுபோனது. நிஜமென்றால் நிலத்தில் நடந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்று.

ஆனால் எலும்பு இல்லை. நொறுங்கிப் போய்விட்டது என்று 2017இல் வெளியான கட்டுரை சொல்கிறது. எழுதியவர்களில் ஒருவர் அதே அய்யாசாமி. எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கும் என்றுகூட முன்பு சந்தேகப்பட்டார்கள். 2022இல்தான் பழைய களப் புகைப்படங்கள் வெளியாகி எலும்பு என்ற கட்சிக்குக் கொஞ்சம் பலம் சேர்ந்தது. யாரும் இனி அளந்து பார்க்க முடியாத ஒன்றின் எடையைப் பற்றித்தான் இத்தனை விவாதமும்.

மூலமாதிரி அழிந்தால் பெயர் அழியாது, அந்தப் பெயரை இனி வேறு எந்த விலங்குக்கும் வைக்க முடியாது. மாற்று மாதிரி ஒன்றை நியமிக்க விதியில் இடம் உண்டு, முடிந்தவரை அதே இடத்திலிருந்து கிடைத்ததாக இருக்கணும். அதாவது கல்லமேட்டு மண்ணிலிருந்து இன்னொரு எலும்பு வந்தால், அது இதே இனம்தான் என்று காட்டவும் முடிந்தால், இந்தப் பெயருக்கு மறுபடி ஒரு கால் கிடைக்கும். அங்கிருந்து அடுத்த எலும்பு வந்தால், கையிலெடுக்கும் முன்பே பிளாஸ்டர் கட்டுப்போட்டு, முப்பரிமாண ஸ்கேனும் எடுத்து வைக்கணும் என்பது என் ஆசை.

என் ஷீட்டில் இப்போது பிரைமரி கீ ஒரு வெறும் எண். 'மூலமாதிரி எங்கே?' என்று ஒரு காலம் இருக்கிறது. தகவல் கிடைக்காத பேரினங்களுக்கு அதைக் காலியாக விடுவேன். புருஹத்காயோசாரஸுக்குக் காலியாக விட மனசு வரவில்லை, அது தெரியாத விஷயம் இல்லையே. 'இல்லை' என்று டைப் பண்ணி வெச்சிருக்கேன்.