படிவத்தில் வருவது சரக்கு, உத்தரவு அல்ல

இணையதளத்தில் ஆர்டர் வாங்கும் வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

சாமை, தேன், புளி, கடுக்காய், சீத்தாப்பழம் என்று ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் சரக்குக்கு நம் தகப்பனார் காலத்தில் போளூர், செங்கம், திருப்பத்தூர் மண்டிகளே வாசலாக இருந்தன. இன்று சென்னையில் இருப்பவரும் பெங்களூரில் இருப்பவரும் செல்போனிலேயே ஆர்டர் அனுப்புகிறார்கள். அதற்காக நம் உறுப்பினர்களில் சிலர் சிறிய இணையதளம் வைத்திருக்கிறார்கள். மற்றவர்களும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இணையதளம் அழகாக இருக்கிறதா, படம் நன்றாக விழுகிறதா என்று பார்க்கிற நாம், அதில் வாடிக்கையாளர் நிரப்பி அனுப்பும் படிவத்தை உள்ளே யார் வாங்கி எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று கேட்பதில்லை. புரோகிராம் எழுதுவது நம் தொழில் அல்ல. ஆனால் எழுதுகிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடை நம்முடையது, நஷ்டமும் நம்முடையதே.

படிவம் போகும் வழி

வாடிக்கையாளர் பெயர், முகவரி, சரக்கு, அளவு ஆகியவற்றை நிரப்பிப் பொத்தானை அழுத்துகிறார். அது சர்வர் என்ற கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கே ஒரு புரோகிராம் அதை வாங்கிப் படித்து டேட்டாபேசில் பதிகிறது. இந்த வேலைக்குப் பெரும்பாலும் பயன்படும் மொழிகளில் ஒன்று 1995ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் வெளியிட்ட பி.எச்.பி. அந்த சர்வர் புரோகிராமை நம் கடைக் குமாஸ்தா என்று வைத்துக்கொள்வோம்.

குமாஸ்தாவுக்கு ஆளைத் தெரியாது, முகம் தெரியாது. கையில் வரும் சீட்டு ஒன்றுதான் தெரியும். செல்போன் எண் பத்து இலக்கம் இல்லையென்றால் வாடிக்கையாளரின் திரையிலேயே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வருகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்தச் சோதனை வாடிக்கையாளரின் செல்போனில் நடக்கிறது. விஷயம் தெரிந்தவர் அதை நிறுத்திவிட்டு, நம் பக்கத்தைத் திறக்காமலே தான் விரும்பியதை எழுதி நேராக சர்வருக்கு அனுப்ப முடியும். மூட்டையின் மேல் 75 கிலோ என்று எழுதியிருந்தால் நாம் அப்படியே இறக்கிக்கொள்கிறோமா? நம் தராசில் போட்டுத்தானே வாங்குகிறோம்! சர்வரில் நடக்கும் சோதனைதான் நம் தராசு.

விலையை நம் புத்தகத்தில் பார்க்க வேண்டும்

2000ம் ஆண்டு பிப்ரவரியில் ஐ.எஸ்.எஸ். என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இணையக் கடைகளுக்கென்று விற்கப்பட்ட 11 புரோகிராம்களில் ஒரே மாதிரியான ஓட்டை இருந்தது. சரக்கின் விலை படிவத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத கட்டமாக வைக்கப்பட்டு, ஆர்டரோடு திரும்பி வந்தது. வாங்குபவர் அதைத் திருத்தி அனுப்பினால், திருத்திய விலைக்கே பில் விழும்.

நம் கடையில் வாடிக்கையாளரே விலை எழுதிய சீட்டை நீட்டினால் எந்தக் குமாஸ்தாவும் ஏற்கமாட்டான். ஆகவே படிவத்திலிருந்து சரக்கின் பெயரும் அளவும் மட்டும் வர வேண்டும். விலை, தள்ளுபடி, லாரி வாடகை, மொத்தத் தொகை எல்லாவற்றையும் சர்வர் நம் விலைப் பட்டியலிலிருந்து தானே கணக்கிட வேண்டும்.

அளவிலும் சூது உண்டு. தேன் பாட்டில் 300 ரூபாய், சாமை அரிசி கிலோ 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒருவர் தேன் 4 பாட்டிலும், சாமை கழித்தல் 10 கிலோவும் என்று அனுப்புகிறார். தேனுக்கு 1,200. சாமைக்கு 1,000 கழிகிறது. பில் 200 ரூபாய். பில் பணம் கட்டியாகிவிட்டது என்று பார்சல் கட்டுகிறவர் நான்கு பாட்டிலை அனுப்பிவிடுவார். அளவு ஒன்றுக்குக் குறையக் கூடாது, நம் இருப்புக்கு மேல் போகக் கூடாது, எண்ணைத் தவிர வேறு எழுத்து வரக் கூடாது என்ற மூன்று சோதனை இருந்தால் இது நடக்காது.

எதை எப்படிச் சலிப்பது?

திட்டமான வடிவம் உள்ளவற்றைக் கண்டிப்பாகச் சலிக்க வேண்டும். இந்திய செல்போன் எண் 10 இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. பின்கோடு 6 இலக்கம், பூஜ்யத்தில் தொடங்காது. ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 எழுத்து அந்த வியாபாரியின் பான் எண். இவை பொருந்தாவிட்டால் சர்வர் திருப்பி அனுப்ப வேண்டும்.

பெயருக்கும் முகவரிக்கும் அப்படிக் கடுமை காட்டக் கூடாது. இனிஷியலில் புள்ளி வரும், கதவு எண்ணில் சாய்கோடு வரும், தமிழிலும் எழுதுவார்கள். நீளத்துக்கு ஒரு வரம்பு வைத்தால் போதும். அந்த வரம்பையும் பார்த்து வைக்க வேண்டும். ஜமுனாமரத்தூர் என்பது நம் கண்ணுக்கு 8 எழுத்து. கம்ப்யூட்டர் யு.டி.எஃப்.8 என்ற முறையில் அதைச் சேமிக்க 39 பைட் இடம் வேண்டும். இங்கிலீஷை நினைத்து 20 பைட் என்று வரம்பு போட்டுவிட்டால் ஊர்ப் பெயர் பாதியில் அறுந்துவிடும், பார்சலும் போய்ச் சேராது.

சீட்டு உத்தரவாக மாறும் விபரீதம்

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். நம் குமாஸ்தாவுக்கு ஒரு நிரந்தர உத்தரவு கொடுத்திருக்கிறோம். வாடிக்கையாளர் எழுதித் தரும் பெயரைக் கோடிட்ட இடத்தில் சேர்த்து, அந்த வாக்கியம் சொல்கிறபடி செய்ய வேண்டும்:

பேரேட்டில் "........" என்று பெயர் உள்ள பக்கத்தைக் காட்டு.

முருகன் என்று எழுதித் தந்தால் முருகன் பக்கம் மட்டும் வரும். ஒரு சூதுக்காரர் இப்படி எழுதித் தருகிறார்:

முருகன்" அல்லது எந்தப் பெயரானாலும் சரி, அல்லது "

குமாஸ்தா இதை இடையில் வைத்துப் படித்தால் உத்தரவே மாறிவிடுகிறது:

பேரேட்டில் "முருகன்" அல்லது எந்தப் பெயரானாலும் சரி, அல்லது "" என்று பெயர் உள்ள பக்கத்தைக் காட்டு.

ஒரு மேற்கோள் குறியைக் கொண்டு கோடிட்ட இடத்தை அவரே மூடிவிட்டார். அதற்குப் பின் எழுதியது பெயராக இல்லாமல் நம் உத்தரவின் பகுதியாகிவிட்டது. முழுப் பேரேடும் வெளியே போய்விடும். டேட்டாபேசிடம் பேசும் மொழிக்கு எஸ்.க்யூ.எல். என்று பெயர். ஆகவே இந்தச் சூதை எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் என்கிறார்கள். 1998ம் ஆண்டிலேயே இதை விளக்கி எழுதிவிட்டார்கள். ஆனாலும் இன்றுவரை ஓயவில்லை.

2009 டிசம்பரில் அமெரிக்காவின் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து இந்த வழியில் சுமார் 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் போயின. அவற்றை மறைக்காமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் தொலைபேசி நிறுவனத்தில் 1,56,959 வாடிக்கையாளர் விவரங்கள் போயின. அவர்களில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் அடக்கம். அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. சம்பந்தப்பட்டவர்களில் ஒருவன் 17 வயதுப் பையன். நாம் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. திருடர்கள் நுழைந்தது புதிய பக்கங்களின் வழியாக அல்ல. முன்பு வாங்கிய வேறொரு நிறுவனத்தோடு வந்து, கவனிப்பார் இல்லாமல் கிடந்த பழைய பக்கங்களின் வழியாக. நம் இணையதளத்திலும் பொங்கல் சலுகைக்கென்று போட்ட பழைய படிவம் இன்னும் திறந்து கிடக்கலாம். வேண்டாததை எடுத்துவிட வேண்டும்.

மேற்கோள் குறியைத் தடை செய்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது ஓட்டைக் கோணிக்கு ஒட்டுப் போடுவது. சரியான வழி, உத்தரவையும் பெயரையும் தனித்தனியாக டேட்டாபேசிடம் கொடுப்பது. உத்தரவு முன்பே முடிவாகி முத்திரை விழுந்துவிடும். பிறகு வருவது என்னவாக இருந்தாலும் அது வெறும் பெயர்தான். மேலே கண்ட சூது வரியை எழுதினால், அந்த நீளமான பெயரில் யாரும் இல்லை என்று பதில் வரும். இதற்குப் பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட் என்று பெயர். இதற்குத் தனிச் செலவு கிடையாது. புரோகிராம் எழுதுகிறவர் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஆர்டர் வாங்குகிற குமாஸ்தாவிடம் இரும்புப் பெட்டிச் சாவியையும் கொடுக்கக் கூடாது. படிவத்தைப் பதியும் புரோகிராமுக்கு விலையைப் படிக்கவும் ஆர்டரை எழுதவும் மட்டும் அனுமதி போதும். சரக்குக் கொடுப்பவர்களின் வங்கிக் கணக்கு இருக்கும் பக்கத்தை அது தொடவே வேண்டியதில்லை.

திரையில் காட்டும்போதும் எச்சரிக்கை

வாடிக்கையாளர் குறிப்புக் கட்டத்தில் எழுதியதை நாம் நம் திரையில் படிக்கிறோம். அந்தக் குறிப்புக்குள் கோண அடைப்புக்குறியிட்டு ஒரு சிறு புரோகிராமை எழுதி வைத்தால், நாம் படிக்கும்போதே அது நம் கம்ப்யூட்டரில் ஓடி, நாம் உள்ளே நுழைந்திருக்கும் அனுமதியைத் திருடும். 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற அமெரிக்க இளைஞர் மைஸ்பேஸ் தளத்தில் தன் பக்கத்தில் இப்படி எழுதி வைத்தார். பார்த்தவர் பக்கத்திலெல்லாம் அது தொற்றி, 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் பரவியது. திரையில் காட்டும்போது அந்தக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றிக் காட்டுவதே மருந்து. இதற்கென்று பி.எச்.பி.யிலேயே கட்டளை இருக்கிறது.

பணமும் கோப்பும் இரட்டை ஆர்டரும்

பணம் கட்டிவிட்டேன் என்று வாடிக்கையாளரின் செல்போனிலிருந்து வரும் செய்தியை நம்பிச் சரக்கு அனுப்பக் கூடாது. பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் சர்வரிடம் நம் சர்வர் நேராகக் கேட்டு, ஆர்டர் எண்ணும் தொகையும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ரசீதுப் படம் அத்தாட்சி ஆகாது.

படம் அனுப்பும் வசதி வைத்திருந்தால், படம் என்ற பெயரில் புரோகிராம் வரக்கூடும். வந்த கோப்பு உண்மையில் படம்தானா என்று சோதித்து, நாமே புதுப் பெயர் வைத்து, இணையதளத்திலிருந்து நேராகத் திறக்க முடியாத இடத்தில் வைக்க வேண்டும்.

மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். பொத்தானை அழுத்தியவர் பதில் வரவில்லை என்று மறுபடியும் அழுத்துவார். ஒரு மூட்டை கேட்டவருக்கு மூன்று மூட்டை பதிவாகும். ஒவ்வொரு படிவத்துக்கும் சர்வர் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் திரும்பி வந்தால் இரண்டாவதைப் பதியாமல் விட்டுவிட வேண்டும்.

யாருடைய விவரம் நம்மிடம் இருக்கிறது?

சிறு கடைதானே, நம்மிடம் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2020 நவம்பரில் பெங்களூரின் பிக்பாஸ்கெட் மளிகை நிறுவனத்தின் சுமார் 2 கோடி வாடிக்கையாளர் விவரங்கள் விற்பனைக்கு வந்திருப்பதாக சைபிள் என்ற பாதுகாப்பு நிறுவனம் கூறியது. பெயர், முகவரி, செல்போன் எண் ஆகியவை அதில் இருந்தன. மளிகை வாங்கியவர்களின் விவரத்துக்கும் சந்தை இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

நம்மிடம் வாங்குகிறவர் மட்டும் இல்லை. மலைக் கிராமங்களிலிருந்து சாமையும் தேனும் கொடுக்கிறவர்களின் பெயர், வங்கிக் கணக்கு எண், சில கடைகளில் ஆதார் நகல்கூட அதே டேட்டாபேசில் இருக்கின்றன. அவர்கள் எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை. நம் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள். நம் இணையதளத்தின் ஓட்டையால் அவர்கள் கணக்கிலிருந்து பணம் போனால், அடுத்த அறுவடையில் எந்த முகத்தோடு மலை ஏறுவோம்?

சட்டமும் வந்துவிட்டது. 2023ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. 2025 நவம்பரில் அதன் விதிகளை வெளியிட்டு, படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவருகிறார்கள்.

புரோகிராம் எழுதுகிறவரிடம் கேட்க வேண்டியவை

1. விலையும் மொத்தமும் சர்வரில் கணக்காகின்றனவா?
2. எல்லாக் கட்டங்களுக்கும் சர்வரிலேயே சோதனை உண்டா?
3. டேட்டாபேஸ் உத்தரவுகள் அனைத்தும் பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட் முறையில் இருக்கின்றனவா?
4. வாடிக்கையாளர் எழுதியதைத் திரையில் காட்டும்போது குறிகள் மாற்றப்படுகின்றனவா?
5. பாஸ்வேர்டு திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கப்பட்டிருக்கிறதா?
6. பணம் வந்ததை சர்வர் நேராக விசாரிக்கிறதா?
7. தேவையில்லாத ஆதார் நகல்களும் பழைய படிவங்களும் நீக்கப்பட்டனவா?
8. தினசரி நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்கிறோமா?

ஏதாவது ஒரு கேள்விக்கு "பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் அதைச் செய்து முடிக்கச் சொல்லுங்கள். மோசடியில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

தெரியாதவர் கொடுக்கும் ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவரை அவமதிப்பது ஆகாது. தெரியாதவர் அனுப்பும் படிவத்தைச் சோதிப்பதும் அப்படியே. உறுப்பினர்கள் இந்த எட்டுக் கேள்விகளையும் தனித்தாளில் எழுதி, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.