காமிராவுக்கு ஏற்ற ஃபோகஸர் எது?

நிலவின் பள்ளங்களையும் வியாழனின் துணைக்கோள்களையும் தொலைநோக்கியில் கண்டு மகிழ்ந்தவர்களுக்கு அடுத்து எழும் ஆசை, அவற்றைப் படமெடுக்க வேண்டும் என்பதே. ஆனால் காமிராவைப் பொருத்தி எடுத்தால், கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்த விண்மீன் படத்தில் பஞ்சுருண்டை போல் வருகிறது. ஆடி பழுதா? காமிரா பழுதா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள ஃபோகஸரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். குமிழைத் திருகினால் முன்னும் பின்னும் நகர்ந்து பிம்பத்தைத் தெளிவாக்கும் குழல் அமைப்பே ஃபோகஸர்.

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்துப் புதிய ஃபோகஸர் வாங்குவதற்கு முன், நமக்கு வேண்டியது என்ன என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எவ்வளவு நுட்பம் வேண்டும்?

150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவியத் தூரமும் உள்ள குழியாடி கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளி கூம்பு வடிவில் குவிகிறது. 5 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. வீதம் கூம்பு குறுகுகிறது. இதையே எஃப்/5 என்கிறோம்.

காமிராவில் முன்பு பிலிம் இருந்த இடத்தில் இன்று ஒளியுணர் தகடு இருக்கிறது. அது கூம்பின் நுனியிலிருந்து 0.1 மி.மீ. விலகி நின்றால், வடிவொத்த முக்கோண விதிப்படி, விண்மீன் 0.1 ÷ 5 = 0.02 மி.மீ. அகலமுள்ள வட்டமாகப் பதியும். ஒரு பிக்சலின் அகலம் 0.004 மி.மீ. எனக் கொண்டால், புள்ளியாக இருக்க வேண்டிய விண்மீன் 5 பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. அதை 2 பிக்சலுக்குள் அடக்க வேண்டுமானால் பிழை 0.04 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இது தலைமயிரின் தடிமனை விடக் குறைவு!

கண்ணால் பார்க்கும்போது இத்தொல்லை இல்லை. கண்ணின் வில்லை தன் வடிவத்தைச் சற்றே மாற்றிக்கொண்டு சிறு பிழையைச் சரிக்கட்டிவிடும். காமிராவால் அது இயலாது.

குமிழை எத்தனை பாகை திருப்புவது?

குமிழை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் குழல் 20 மி.மீ. நகர்வதாக வைத்துக்கொள்வோம். 0.04 மி.மீ. நகர்த்த 360 × 0.04 ÷ 20 = 0.72 பாகை திருப்ப வேண்டும். விரலால் முக்கால் பாகை திருப்புவது எளிதா? இதற்காகவே 'இரட்டை வேக' ஃபோகஸர்களில் இன்னொரு சிறு குமிழ் வைத்திருக்கிறார்கள். அதை 10 சுற்றுச் சுற்றினால்தான் பெரிய குமிழ் 1 சுற்றுச் சுற்றும். இப்போது 7 பாகைக்கு மேல் திருப்பலாம். விரலுக்கு இது அடங்கும்.

இரண்டு வகைகள்

மலிவான தொலைநோக்கிகளில் பெரும்பாலும் இருப்பது, பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட ஃபோகஸர். பற்கள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் இது பளுவைத் தாங்கும். ஆனால் பற்களுக்கிடையே சிறு இடைவெளி உண்டு. எனவே திசையை மாற்றித் திருப்பும்போது குமிழ் சுற்றும், குழல் சிறிது நேரம் அசையாது. பட்டறைகளில் இதை 'பேக்லாஷ்' என்பார்கள்.

மற்றது கிரேஃபோர்டு வகை. லண்டன் பகுதியிலுள்ள கிரேஃபோர்டில் இயங்கிவந்த வானியல் கழகத்தின் உறுப்பினராக இருந்த ஜான் வால் இதை உருவாக்கினார். இதில் பற்களே இல்லை. குழலின் ஒரு புறத்தை நான்கு பால் பேரிங்குகள் தாங்குகின்றன. எதிர்ப்புறம் ஓர் எஃகுத் தண்டு குழலை அழுத்தியபடி சுழன்று, உராய்வினாலேயே அதை நகர்த்துகிறது. இதன் விவரம் 1971, 1972ஆம் ஆண்டுகளில் இதழ்களில் வெளியாயிற்று. ஜான் வால் காப்புரிமை பெறாமல் அனைவருக்கும் பொதுவாக விட்டுவிட்டார். அதனால் யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். உராய்வை நம்பியிருப்பதால் கனமான காமிராவை மாட்டும்போது குழல் வழுக்கக் கூடும் என்பதே இதன் குறை.

காமிரா எட்டுமா?

எஸ்.எல்.ஆர். காமிராவை டி-வளையம் கொண்டு இணைத்தால், வளையத்தின் முகப்பிலிருந்து ஒளியுணர் தகடு 55 மி.மீ. உள்ளே இருக்கும். ஆகவே கூம்பின் நுனி ஃபோகஸர் குழலுக்கு வெளியே அந்த அளவாவது நீண்டிருக்க வேண்டும். இதைச் சோதிக்கச் செலவே இல்லை. கண்ணருகு வில்லையைக் கழற்றிவிட்டு, குழலை முழுவதும் உள்ளே இறக்குங்கள். தொலைநோக்கியை நிலவை நோக்கித் திருப்பி, குழலுக்கு மேலே டிரேசிங் தாளைப் பிடியுங்கள். சுமார் 7 மி.மீ. அகலமுள்ள நிலவு தெளிவாக விழும் உயரத்தை ஸ்கேலால் அளவிடுங்கள். (சூரியனைக் கொண்டு இதை ஒருபோதும் செய்யாதீர்கள். கண்ணும் கையும் வெந்துவிடும்.)

அளவு 60 மி.மீ.க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 30 மி.மீ. தான் என்றால், எவ்வளவு நுட்பமான ஃபோகஸராக இருந்தாலும், அது பழையதன் உயரமே உள்ளதானால் பயனில்லை. உயரம் குறைந்த ஃபோகஸர் வாங்க வேண்டும். அல்லது நீளமான திருகாணிகள் போட்டு, ஆடியை முன்னே நகர்த்த வேண்டும்.

எதற்கு முதலில் செலவிடுவது?

இருக்கும் ஃபோகஸரையே முதலில் சீர்செய்யுங்கள். பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக இடுங்கள். குழல் ஆடினால் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை இடையில் செருகுங்கள். குமிழில் துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைக் கவ்வ விடுங்கள். அது நெம்புகோலாகி, ஒரு பாகை திருப்புவதையும் எளிதாக்கும். எப்போதும் ஒரே திசையில் திருப்பி முடித்தால் பேக்லாஷ் தொல்லை தராது.

இவ்வளவு செய்தும் போதவில்லையானால், இரட்டை வேகக் கிரேஃபோர்டு வாங்கலாம். 2 அங்குலக் குழலாக இருக்கட்டும். 1.25 அங்குலக் குழலில் படத்தின் மூலைகள் இருண்டுபோகும். வாங்குமுன் குழலைச் செங்குத்தாக நிறுத்தி, காமிராவின் எடைக்குச் சமமான பளுவைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் குழல் இறங்கினாலும், பூட்டுத் திருகை இறுக்கும்போது சாய்ந்தாலும் அதை விட்டுவிடுங்கள். மோட்டாருக்குச் செலவிட இப்போது தேவையில்லை.

உங்கள் தொலைநோக்கி எஃப்/10 ஆக இருந்தால் அனுமதிக்கத் தக்க பிழை 0.08 மி.மீ., அதாவது இரு மடங்கு. அப்படியானால் கிளிப்பே போதுமானதாகலாம். குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்துப் பார்த்த பிறகு கடைக்குப் புறப்படுங்கள்.