திருகோணமலையும் நுளம்புவழிப் பரவும் வைரசு நோய்களும்

துறைமுகங்களுக்கும் கொள்ளை நோய்களுக்கும் உள்ள தொடர்பு வரலாற்று மாணவர் நன்கறிந்ததொன்று. டெங்கு வைரசைக் காவும் ஈடிஸ் ஈஜிப்டி என்னும் நுளம்பு ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. பாய்க்கப்பல்களின் நன்னீர்ப் பீப்பாய்களில் தங்கியே அது உலகின் வெப்பவலயத் துறைமுகங்களையெல்லாம் வந்தடைந்தது. அதன் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கொள்கலத்தின் உட்சுவரில் ஒட்டிக்கிடக்கும். நீர் வற்றினும் அவை மாதக்கணக்கில் மடியா. மீண்டும் நீர் படும்போது பொரிக்கும். இவ்வியல்பொன்றே அதனை நெடும்பயணத்துக்கு ஏற்றதாக்கிற்று.

இயற்கைத் துறைமுகங்களுள் சிறந்தவற்றில் ஒன்றெனப் பெயர்பெற்ற திருகோணமலை, இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையின் முக்கிய தளமாக இருந்தது. அப்போரில் பசிபிக் களங்களில் படையினரிடையே டெங்கு பரவியதன் விளைவாகவே அந்நோய் பற்றிய ஆய்வு தீவிரமடைந்தது. டெங்கு வைரசு ஒன்றன்று, வெவ்வேறு வகைகளைக் கொண்டது என்பதனை அல்பேட் சேபின் 1944 அளவில் நிறுவினார். இன்று நான்கு வகைகள் அறியப்பட்டுள்ளன. ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவர் அவ்வகைக்கு எதிராக நீடித்த காப்பைப் பெறுகிறார். பிறிதொரு வகை தொற்றும்போதோ, முன்னர் உருவான பிறபொருளெதிரிகளே சில சமயங்களில் அவ்வைரசு கலங்களுட் புகத் துணைசெய்கின்றன. ஆகவே இரண்டாவது தொற்றில் ஆபத்து மிகுதி. பல வகைகள் வந்துபோகும் ஊரில் டெங்கு கொல்லும் நோயாக மாறுவதன் காரணம் இதுவே.

இலங்கையில் 1962 இல் டெங்கு ஆய்வுகூட முறையில் உறுதிசெய்யப்பட்டது. 1965-66 இல் டெங்கும் சிக்குன்குனியாவும் ஒருங்கே பரவின. 1989 இல் குருதிப்பெருக்குடன் கூடிய டெங்கு கொள்ளை நோயாக வெளிப்பட்டது. எனினும், இது கொழும்பையும் மேற்குக் கரையையும் சார்ந்த ஈரவலய நோய் என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவிற்று. உலர்வலயத்தவர் அஞ்சியது மலேரியாவுக்கே. அம்மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சான்றுப்படுத்தியது 2016 செத்தெம்பரில். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே கிண்ணியாவில் டெங்கு மூண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதற்கு முன்னோடியாக ஒரு நிகழ்வு இருந்தது. 2005-06 இல் ரியூனியன் தீவின் மக்களுள் மூன்றிலொரு பங்கினரைப் பீடித்த சிக்குன்குனியா, இந்தியாவில் பல இலட்சம் பேரைத் தாக்கி, 2006 இன் பிற்பகுதியில் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய கரையோரங்களில் தோன்றிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காணப்படாத நோயாதலின் இளந்தலைமுறையினரிடம் அதற்கெதிரான காப்பு இருக்கவில்லை. மாவிலாறு, மூதூர்ப் போரினால் மக்கள் பல்லாயிரவராய் இடம்பெயர்ந்த ஆண்டும் அதுவே. இடம்பெயர்ந்தோர் நீரைச் சேமித்து வைத்தே வாழவேண்டியிருந்தது. மூட்டுவலியோடு மாதக்கணக்கில் தொழிலுக்குச் செல்லவியலாதிருந்த கூலித்தொழிலாளியின் இழப்பை இறப்புப் புள்ளிவிபரம் காட்டுவதில்லை.

2017 இல் நாடு முழுவதும் 186,000 க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மேற்கில் நோய் உச்சமடைந்தது தென்மேற் பருவக்காற்றை அடுத்து, யூன், யூலையில். கிண்ணியாவிலோ, வடகீழ்ப் பருவமழையின் பின்னர் மார்ச்சிலேயே பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. பாடசாலைகள் சில நாட்கள் மூடப்பட்டன. கொழும்பின் பருவத்தை நோக்கி வகுக்கப்படும் நாட்காட்டி கிழக்கிற்குப் பொருந்தாது. இங்கு தொட்டிகளும் கூரைப்பீலிகளும் பரிசோதிக்கப்படவேண்டிய காலம் ஐப்பசி மழைக்கு முன்னரேயாகும்.

அக்காலத்தில் எழுந்த விளக்கங்களுள் ஒன்று, மக்களின் அசுத்தமே நோய்க்குக் காரணம் என்பது. இது பாதி உண்மைகூட அன்று. சிரட்டை, டயர், தயிர்ச்சட்டி ஆகியவற்றில் இந்நுளம்பு பெருகுவது மெய்யே. ஆயினும் அது விரும்புவது சாக்கடையையன்று. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் நாம் சேமித்துவைக்கும் ஒப்பீட்டளவில் தெளிந்த நீரையே. குழாய்நீர் ஒழுங்காக வராத வீட்டில் சீமெந்துத் தொட்டி ஆடம்பரமன்று, அவசியம். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் குடம்பி காணப்படும் வளவின் உரிமையாளரைத் தண்டிக்கிறது. நீரை ஒழுங்காக வழங்காத நிருவாகத்தைத் தண்டிக்கும் வாசகத்தை அதில் தேடுவது வீண். மூடியிட்ட தொட்டியும், வாரமொருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டுமென்பதில் ஐயமில்லை. நீரை ஊற்றிவிட்டால் மட்டும் முட்டை போகாது. ஆனால் மறுநாள் நீர் வருமென்ற நம்பிக்கை உள்ளவனே தொட்டியை முழுதாக வெறுமையாக்கத் துணிவான்.

புகையூட்டலைப் பற்றியும் இங்கு கூறவேண்டும். அது கண்ணுக்குத் தெரிகிறது; ஆதலால் அரசியல்வாதிகளுக்கு உகந்தது. அவ்வேளை பறக்கும் நுளம்புகளை அது கொல்லும். தொட்டியிலுள்ள குடம்பிகளை விட்டுவிடும். சில நாட்களில் புதிய தலைமுறை எழும்.

நோயின் போக்கிலும் ஏமாற்றும் தன்மை உண்டு. காய்ச்சல் தணியும் வேளையிலேயே குருதிக்குழாய்களிலிருந்து திரவவிழையம் கசியத் தொடங்கலாம். பிள்ளை தேறிவிட்டதென்று பெற்றோர் நிம்மதியடையும் அந்த ஒன்றிரண்டு நாட்களே உயிராபத்தானவை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், குருதிக்கசிவு என்பன கண்டால் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அஸ்பிரின், இபுப்ரோபன் போன்ற மாத்திரைகள் குருதிப்பெருக்கைக் கூட்டுமாதலின் தவிர்க்கப்படவேண்டும்.

2005 ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் துறைமுகப் பயன்பாட்டிடங்களைச் சூழக் குறைந்தது 400 மீற்றர் வரை நோய்காவிகளைக் கட்டுப்படுத்துமாறு பணிக்கின்றன. பீப்பாயில் நுளம்பு வந்த காலத்துக்கு இது போதுமானதாக இருந்திருக்கலாம். இன்று வைரசு பயணிப்பது மனிதனின் குருதியில். காய்ச்சல் தொடங்குமுன்பே அவன் பேருந்தில் ஏறிவிடுகிறான். 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் மக்களின் நெடுநாள் இடரைத் தீர்த்தது. நோய்க்கும் அதே பாதைதான்.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஈடிஸ் ஈஜிப்டி, ஈடிஸ் அல்போபிக்டஸ் ஆகிய இரு நுளம்புகளின் குடம்பிகளும் உவர்நீரில் வளர்வதனை இரஞ்சன் இராமசாமி, சின்னத்தம்பி சுரேந்திரன் முதலியோர் 2011 இல் எடுத்துக்காட்டினர். நன்னீரில் மட்டுமே இவை பெருகும் என்ற பாடநூற் கொள்கை அதனால் தளர்ந்தது. கரையில் கைவிடப்பட்ட வள்ளங்களில் தேங்கும் நீரும் உவர்ந்துபோன கிணறுகளும் பரிசோதகரின் பட்டியலில் இடம்பெற வேண்டியனவாயின. கொட்டியாரக்குடாவைச் சூழ்ந்த மீனவக் கிராமங்களில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை.