ஒட்டுக் குழாயில் ஓர் உயிர்

ஒருவன் தன் வீட்டுக் கொட்டிலிலே படகு கட்டுகிறான் என்றால் நாம் வியப்படைவதில்லை. ஆகாயவிமானம் கட்டுகிறான் என்றால்? "புத்தி பேதலித்துவிட்டதோ!" என்றே பலரும் கேட்பர். ஆனால், அமெரிக்க நாட்டிலே இத்தகையோர் ஆயிரக்கணக்கில் உளர். கார் நிறுத்தும் கொட்டிலே அவர்களது தொழிற்சாலை. ஓய்வு நாட்களும் இரவுகளுமே அவர்களது வேலை நேரம்.

1953ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்து மில்வாக்கி நகரிலே போல் பொபெரெஸ்னி என்பவர் இவர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடக்கினார். ஈராண்டுகளின் பின், உருக்குக் குழாயாலான உடற்கூட்டைக் கொண்ட சிறு விமானமொன்றை வீட்டிலேயே கட்டும் விதத்தை ஒரு சஞ்சிகையில் அவர் விளக்கி எழுதினார். ஆர்வம் பன்மடங்கு பெருகிற்று.

1982இல் அந்நாட்டு அரசு ஒரு விதியைப் பிறப்பித்தது. ஒருவர் மட்டுமே அமரக்கூடியதாய், வெற்றெடை 254 இறாத்தலுக்குக் குறைந்ததாய் உள்ள மிக இலேசான பறக்கும் ஊர்திக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஓட்டுபவருக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டியதில்லை. அப்படியாயின், அதன் ஒட்டுகளைச் சோதிப்பவர் யார்? கட்டியவனின் மனச்சாட்சி ஒன்றே!

ஒட்டு ஏன்?

குழாய்களை உருக்கி ஒட்டி விமான உடற்கூடு அமைக்கும் முறை புதிதன்று. முதலாம் உலகப் போரிலே பொக்கர் விமானங்கள் இம்முறையிலேயே கட்டப்பட்டன. இன்று பெரிதும் கையாளப்படுவது 4130 என்னும் இலக்கமுடைய உருக்கு. குரோமியமும் மொலிப்டினமும் சிறிதளவு சேர்ந்த இதில், காபன் நூற்றுக்கு ஏறக்குறைய 0.30 பங்கு உண்டு. இலக்கத்தின் கடைசி 30 குறிப்பது அதனையே.

உடற்கூட்டின் முன்னிருந்து வால்வரை ஓடும் நெடுங்குழாய்கள் எப்போதும் ஒரே துண்டாய் அமைவதில்லை. பாரம் மிகுந்த முன்பகுதிக்குத் தடித்த குழாயும், வாற்பகுதிக்கு மெலிந்த குழாயும் வைத்தால் எடை குறையும். சில வேளை அளவு பிழைத்து வெட்டிவிடுவதும் உண்டு. அப்போது ஒட்டுப் போட்டே ஆகவேண்டும்.

எங்கே, எப்படி?

ஒரு மெல்லிய தடியை இரு நுனிகளிலும் பிடித்து உள்நோக்கி அழுத்திப் பாருங்கள். அது நடுவிலேதான் வளையும். குழாயும் அப்படியே. ஆதலால், இரு மூட்டுகளுக்கு இடைப்பட்ட குழாயை மூன்றாகப் பகுத்தால், நடுப்பங்கில் ஒட்டு வரலாகாது என்பது விதி.

அடுத்தது வெட்டும் கோணம். குழாயை நேர்குறுக்காக வெட்டி முனையோடு முனை வைத்து ஒட்டுவது எளிது; ஆனால் ஆபத்தானது. தீச்சுடர் பட்ட உருக்கின் தன்மை ஒட்டின் அருகே மாறிவிடுகின்றது. அம்மாற்றம் முழுவதும் ஒரே வளையத்தில் அமைந்தால், முறிவு அவ்வளையத்தைத் தேடி வரும். குழாயின் நெடுக்கோடு 30 பாகை சாய்த்து வெட்டினாலோ, வெட்டுமுகம் குழாய் விட்டத்தின் இரு மடங்கு நீளும். எந்த ஒரு குறுக்குவெட்டிலும் ஒட்டு முழுவதும் வந்து சேராது.

சாய்வெட்டுக்கு உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் சிறு குழாயொன்றைச் செருகுவர். இதுவே உள்ளுறை. வெட்டின் ஓரங்களைத் தாண்டி, இருபுறமும் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது அது நீளவேண்டும். இரு முனைகளுக்குமிடையே அரைக்கால் அங்குல இடைவெளி விட்டு, அதிலே உருக்கை நிரப்பினால் மூன்றும் ஒன்றாகும். மேற்புறம் சீராயிருப்பதால், போர்த்தும் சீலையிலும் புடைப்புத் தோன்றாது.

மற்றொன்று வெளியுறை. அதன் நுனிகளை வாய் திறந்த மீனைப்போல் வெட்டுவர். பெயரும் 'மீன்வாய்' வெட்டே. காரணம் முன்சொன்னதே: ஒட்டு ஒரே வளையமாகி விடலாகாது.

அரம் படக்கூடாத இடம்

ஒட்டி முடித்ததும் நீரூற்றிக் குளிர்விப்பது பெருந்தவறு. சடுதியிற் குளிர்ந்த உருக்கு கடினமாகி வெடிக்கும். காற்றுவீச்சில்லாத இடத்தில் அது தானே ஆறவேண்டும். பின்னர், குழாயின் உட்புறம் துருப்பிடியாதிருக்க ஆளிவிதை எண்ணெயை ஊற்றி வடித்துத் துளையை அடைப்பர்.

இனி வருவது மனிதனின் பலவீனம். ஒட்டு மேடும் பள்ளமுமாய் இருக்கின்றதே என்று, அரத்தால் அராவி அழகுபடுத்த அவன் மனம் துடிக்கும். அராவவே கூடாது! அழகுக்காக நீக்கும் உருக்கு, வலிமைக்காக வைத்த உருக்கேயாகும். பள்ளமான ஒட்டை மெருகினால் மறைக்கலாம். வானத்தின் கண்ணுக்கு மறைக்க இயலாது.

அதனால்தான் விவேகமுள்ளவன் முதலில் வீண் துண்டுகளிற் பழகுகிறான். ஒட்டிய மாதிரியை வாளால் நெடுக அறுத்து உள்ளே பார்க்கிறான். இடுக்கியில் இறுக்கி வளைத்துப் பார்க்கிறான். ஒட்டு விட்டுப்போனால் வெட்கப்படுவதில்லை, மறுபடியும் தொடங்குகிறான். கொட்டிலிலே முறிந்த ஒட்டு ஒரு பாடம்; ஆகாயத்திலே முறிந்த ஒட்டு ஒரு குடும்பத்தின் கண்ணீர்.

சீலை போர்த்தியபின் அவ்வொட்டை எவரும் காணார். எனினும், அதனை நம்பியே அவன் நிலத்தை விட்டு எழுகிறான். பிறர் காணாத இடத்திலும் பிழையின்றிச் செய்யும் வேலையன்றோ நேர்மையான வேலை?