ஆபீஸ் முடிந்த பிறகு மும்பையில் ஒரு நடை

உத்தியோக நிமித்தமாக வெளியூர் போய் வரும் பெண்கள் இந்நாளில் ஏராளம். ஆனால், "மும்பையில் என்ன பார்த்தாய்?" என்று வீட்டில் கேட்டால் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "விமான நிலையம், ஹோட்டல் அறை, மீட்டிங் நடந்த ஹால்!" வேலை மாலை ஐந்து மணிக்கே முடிந்துவிடுகிறது. புதிய ஊரில் தனியாக எங்கே போவது என்ற தயக்கம்தான் அறைக் கதவைச் சாத்தச் சொல்கிறது.

அடுத்த முறை அந்தத் தயக்கத்தைச் சற்றே ஒதுக்கி வையுங்கள், சகோதரி! உங்கள் வேலை தென் மும்பையின் கோட்டைப் பகுதியில் என்றால் வண்டி வேண்டாம், துணையும் வேண்டாம். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். அதுவும் ஜனங்கள் ஓயாமல் நடமாடும் பெரிய வீதிகள். வழியில் உங்களை வரவேற்கச் சில பெண்மணிகள் காத்திருக்கிறார்கள்.

முதலாவது பெண்மணியைக் காண அண்ணாந்து பார்க்க வேண்டும். விக்டோரியா டெர்மினஸ் என்று பெரியவர்கள் சொல்லும் சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையத்தின் கோபுர உச்சியில் அவள் நிற்கிறாள். ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் சக்கரம். அவள் பெயர் 'முன்னேற்றம்'. 1878-ல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் கட்டிய கட்டடம் இது. கீழே வாசலில் சிங்கமும் புலியும் காவல் இருக்கின்றன.

இனி, தெற்கே தாதாபாய் நௌரோஜி சாலையில் நடங்கள். இரு புறமும் ஒவ்வொரு கட்டடத்தின் அடியிலும் வளைவுத் தாழ்வாரம் இருப்பதைக் கவனித்தீர்களா? நடப்பவர்களுக்காக அதைக் கட்டாயம் விட வேண்டும் என்று 1896-ல் விதி செய்தார்கள். வெயிலும் மழையும் படாமல், கைப்பையும் கைக்குட்டையும் விலை கேட்டுக்கொண்டே போகலாம்!

சாலை முடியும் இடத்தில் இரண்டாவது பெண்மணி. ரோமானியரின் மலர்த் தேவதையான ஃப்ளோரா, 1864-ல் அமைத்த நீரூற்றின் மேல் நிற்கிறாள். முன்பு இங்கேதான் கோட்டையின் சர்ச் கேட் வாசல் இருந்தது. மதிலை இடித்துவிட்டார்கள், பெயரை மட்டும் ரயில் நிலையம் ஒன்று வைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பது சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் உயிர் நீத்தவர்களின் நினைவுச் சின்னம். அதனால்தான் இவ்விடத்துக்கு ஹுதாத்மா சௌக் என்று பெயர்.

மேற்கே வீர் நரிமன் சாலையில் சில நிமிஷம் நடந்தால் ஓவல் மைதானம். புல்வெளியில் நின்று திரும்பிப் பாருங்கள். சுமார் 280 அடி உயர மணிக்கூண்டு தெரிகிறதே, அதுதான் ராஜாபாய் கோபுரம். பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பருத்தி வியாபாரி இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்து, தம் தாயார் ராஜாபாயின் பெயரை வைக்கச் சொன்னார். 1865-ல் பருத்தி விலை விழுந்தது. அவருடைய செல்வம் சரிந்தது. தாயாரின் பெயர் சரியவில்லை. 1878-ல் கோபுரம் எழுந்தே விட்டது. அந்த அம்மாளுக்குக் கண் பார்வை இல்லை, பொழுது சாயுமுன் உண்ணும் ஜைன விரதத்துக்கு மணியோசையே துணையாக இருந்தது என்று ஊரில் சொல்வார்கள்.

கோபுரம் நிற்பது மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தில். அதன் முதல் பெண் பட்டதாரி கர்னீலியா சொராப்ஜி. அவர்தான் பின்னர் ஆக்ஸ்போர்டு சென்று சட்டம் படித்த முதல் பெண்மணி. தனியாகக் கடல் கடந்தவரை நினைத்தால், தனியாகத் தெருவைக் கடப்பது பெரிய காரியமா என்ன?

கால் வலிக்கிறதா? மைதானத்தின் மறு பக்கம் 1930-களில் எழுந்த வளைவு மாடி வீடுகளைப் பார்த்தபடி சற்று உட்காருங்கள். இரு பக்கக் கட்டடங்களையும் சேர்த்து 2018-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் குடை அவசியம்; தேய்ந்த செருப்பு எந்த மாதத்திலும் ஆகாது.

கடைசியாக, ஐந்து நிமிஷ நடையில் சர்ச்கேட் ரயில் நிலையம். இங்கிருந்து 1992-ல் பெண்களுக்கென்றே தனி ரயில் விட ஆரம்பித்தார்கள். வேலை முடிந்து கூட்டம் கூட்டமாக வீடு திரும்புகிறார்கள், பாருங்கள். ரயிலிலேயே இரவுச் சமையலுக்குக் காய் ஆய்ந்துகொள்ளும் கெட்டிக்காரிகளும் இவர்களில் உண்டு. கையில் தீப்பந்தமும் சக்கரமும் இல்லைதான். ஆனாலும் அந்தக் கோபுரத்துப் பெண்மணிக்கு இவர்கள் எந்த விதத்தில் குறைந்தவர்கள், சொல்லுங்கள்!