காது மெஷினின் சில்லறை உதிரிகள்

காதுக்குப் பின்னால் மாட்டும் செவித்துணைக் கருவியில் ஒலியைப் பெருக்கும் மின்னணுப் பகுதி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதைச் சுற்றியுள்ள சிறு உறுப்புகளுக்கு அந்த ஆயுள் இல்லை. பேட்டரி சில நாட்களில் தீர்ந்துவிடும். காதுக்குறும்பியைத் தடுக்கும் வேக்ஸ் கார்டு சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். காதுக்குள் செல்லும் நுனித் தொப்பியான டோமும் பிளாஸ்டிக் குழாயும் சில மாதங்களில் கெட்டியாகும். ‘மெஷின் போயிடுச்சு’ என்று இழுப்பறைக்குள் தள்ளப்படும் கருவிகளில் பலவற்றுக்கு இவற்றில் ஒன்றை மாற்றினாலே போதும். அதே வேளையில், பெருக்கப்பட்ட ஒலி செவிப்பறையைச் சென்றடையும் பாதையே இவைதான் என்பதால், கைக்குக் கிடைத்ததை மாட்டினால் கேட்கும் ஒலியே மாறிவிடும்.

பேட்டரியில் நான்கு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியது 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. எல்லா நிறுவனங்களும் இந்த நிறங்களையே பின்பற்றுவதால் எண்ணை மறந்தாலும் நிறத்தைச் சொல்லி வாங்கலாம். 312, 13 இரண்டுக்கும் விட்டம் ஒன்றே, 7.9 மில்லிமீட்டர். தடிமன்தான் வேறு: முன்னது 3.6, பின்னது 5.4 மில்லிமீட்டர். அதனால் 13-க்கான அறையில் 312 உட்கார்ந்துவிடும். ஆனால் முனை சரியாகத் தொடாமல் கருவி விட்டுவிட்டு வேலை செய்யும்.

இவை துத்தநாகக் காற்று பேட்டரிகள். வினைபுரியும் பொருள்களில் துத்தநாகம் மட்டுமே உள்ளே நிரப்பப்பட்டிருக்கும். அதனுடன் வினைபுரிய வேண்டிய ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்து நுண்துளைகள் வழியே வருகிறது. அந்தத் துளைகளை மூடி வைப்பதற்குத்தான் ஸ்டிக்கர். உரித்தவுடன் கருவிக்குள் போடாமல் இரண்டு மூன்று நிமிடம் காற்றாட விட்டால் மின்னழுத்தம் முழு அளவுக்கு, ஏறத்தாழ 1.4 வோல்ட்டுக்கு, ஏறும். ஒருமுறை உரித்துவிட்டால் திரும்ப ஒட்டியும் பெரிய பயனில்லை. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் சில வாரங்களில் வீணாகும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நீடிக்கும் என்பதும் தவறு. வெளியே எடுக்கும்போது படியும் ஈரம் துளைகளை அடைத்துவிடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. 675 அளவின் சர்வதேசக் குறியீடு பிஆர்44. பொம்மைகளிலும் கால்குலேட்டர்களிலும் போடும் எல்ஆர்44 பேட்டரியும் அதே உருவம்தான். இரண்டின் பெயரிலும் உள்ள 44 அளவைக் குறிக்கிறது. ஆனால் எல்ஆர் என்பது ஆல்கலைன் வகை. வினைக்கு வேண்டிய இரண்டு பொருளையும் அதே சிறு கூட்டுக்குள் அடைக்க வேண்டியிருப்பதால் அதன் கொள்ளளவு பிஆர் வகையில் சிறு பங்குதான். கடைக்காரர் ‘இதுவும் ஒண்ணுதான்’ என்று கொடுத்தால் வாங்கக் கூடாது. அட்டையில் பிஆர் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

புதுப் பேட்டரி போட்ட பிறகும் சத்தம் வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் வேக்ஸ் கார்டின் மேல் விழ வேண்டும். ஸ்பீக்கரைக் காதுத் துளைக்குள்ளேயே வைக்கும் மெல்லிய கம்பி மாடல்களிலும், காதுக்குள் அடங்கும் மாடல்களிலும், ஸ்பீக்கரின் வாயில் இந்தக் குட்டி வடிகட்டி இருக்கும். அந்த ஸ்பீக்கரைத்தான் இந்தத் துறையினர் ரிசீவர் என்கிறார்கள். முதலில் டோமைக் கழற்றிக் கேட்க வேண்டும். சத்தம் வந்தால் அடைப்பு டோமில். வராவிட்டால் வடிகட்டியை மாற்ற வேண்டும். மாற்றியும் வராவிட்டால் ரிசீவர் பழுது என்று கொள்ளலாம். புது வடிகட்டியின் உறையோடு வரும் குச்சியின் வெற்று முனையைப் பழைய வடிகட்டிக்குள் செருகி நேராக இழுத்தால் அது கையோடு வந்துவிடும். குச்சியைத் திருப்பி மறுமுனையில் உள்ள புதியதை அழுத்தினால் வேலை முடிந்தது. வீட்டில் பலர் செய்வது ஊசியால் குத்தி எடுப்பது. அது குறும்பியை ரிசீவருக்குள் தள்ளி, சில்லறைச் செலவை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

டோம் என்பது ரிசீவரின் நுனியில் மாட்டும் சிலிக்கோன் தொப்பி. திறந்த வகையில் ஓட்டைகள் இருக்கும். தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் அவற்றின் வழியே கசிந்துவிடும். உயர்ந்த அதிர்வெண்ணில் மட்டும் கேட்புக் குறை உள்ளவர்களுக்கு இது வசதி. காதை அடைத்தால் குடத்துக்குள் பேசுவதுபோல் தன் குரலே முழங்கும். திறந்த டோமில் அந்தத் தொல்லை இல்லை. குறை அதிகமானவர்களுக்குக் கசிவு கூடாது. மூடிய டோமோ, இரட்டை விளிம்பு டோமோ வேண்டும். இறுக்கமாக இருக்கட்டும் என்று திறந்ததற்குப் பதில் மூடியதை வாங்கி மாட்டுபவர்களுக்குச் சத்தம் மந்தமாகவும் இரைச்சலாகவும் கேட்பது இதனால்தான். வகையை மாற்றினால் கருவியின் நிரலையும் ஆடியாலஜிஸ்ட் மாற்றியாக வேண்டும். கழற்றும்போது டோம் காதுக்குள்ளேயே தங்கிவிட்டால் வீட்டில் நோண்டாமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போவதே நல்லது.

ரிசீவரைப் பொறுத்தவரை சிவப்புக் குறி வலது காது, நீலக் குறி இடது காது. கம்பியின் நீளமும் திறனும் பழையதோடு பொருந்த வேண்டும். திறன் கூடிய ரிசீவரைத் தாமாக மாட்டிக்கொள்வது எஞ்சியிருக்கும் கேட்புக்கே ஆபத்து.

பழைய பாணிக் கருவிகளில் ரிசீவர் காதுக்குப் பின்னாலேயே இருக்கும். ஒலி கொக்கி வழியாகக் குழாய்க்கும், குழாய் வழியாகக் காதுக்குள் பொருந்தும் மோல்டுக்கும் போகும். எண் 13 எனப்படும் குழாயே பரவலானது, உள்விட்டம் 1.93 மில்லிமீட்டர். திறன் மிகுந்த கருவிகளுக்குச் சுவர் தடித்த குழாய் வேண்டும். இல்லையென்றால் சுவர் வழியே கசியும் ஒலி மைக்கை எட்டி விசிலடிக்கும். கொக்கியும் குழாயும் சேர்ந்து சுமார் 75 மில்லிமீட்டர் நீளம். இந்த நீளத்துக் காற்றுத்தம்பம் 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தேவைக்கு மேல் உயர்த்தும். அதை அடக்கத்தான் சில கொக்கிகளுக்குள் சிறு தடுப்பு வைத்திருக்கிறார்கள். தடுப்பு இல்லாத கொக்கியை மாற்றாக மாட்டினால் சத்தம் ‘கணீர்’ என்று காதைக் குத்தும். நுனியில் 4 மில்லிமீட்டர் வரை விரியும் ஹார்ன் குழாய் இதற்கு எதிர்வேலை செய்கிறது. உயர் அதிர்வெண்களைத் தூக்கி, ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற ஒலிகளைத் தெளிவாக்குகிறது. ஒரு துண்டு பிளாஸ்டிக்கின் உள்விட்டம் இவ்வளவு செய்கிறது என்பதைப் பயனர்களிடம் விற்பனையாளர்கள் சொல்வது குறைவு.

குழாயை நெகிழ வைக்கும் வேதிப்பொருள் நாளடைவில் வெளியேறுவதால் அது மஞ்சளாகி, விறைத்து, சுருங்கும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நீளம் சற்றுக் குறைந்தாலும் மோல்டு மேலே இழுபட்டு விசில் வரும். கூடினால் கருவி காதை விட்டுத் துருத்தி நிற்கும். முதல் முறை ஆடியாலஜிஸ்ட் செய்வதைப் பார்த்துக்கொண்ட பிறகு வீட்டில் செய்யலாம். வியர்வையால் உள்ளே நீர்த்துளி கோத்தால் மோல்டையும் குழாயையும் கொக்கியிலிருந்து பிரித்து, ரப்பர் ஊதியால் ஊதி வெளியேற்ற வேண்டும். இரவில் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைப்பது கடலோர ஊர்களின் ஈரத்துக்கு அவசியம். அரிசிக்குள் புதைப்பதால் தூசும் மாவும்தான் உள்ளே போகும்.

மோல்டு மட்டும் கடையில் வாங்கி மாட்டும் பொருளன்று. காதின் அச்செடுத்துச் செய்ய வேண்டியது. வளரும் குழந்தைகளுக்குக் காதும் வளர்வதால், கைக்குழந்தைப் பருவத்தில் சில மாதங்களுக்குள்ளேயே புது மோல்டு தேவைப்படலாம். விசில் தொடங்கினால் ஒலியளவைக் குறைத்துச் சமாளிப்பது தவறு. குழந்தை பேச்சைக் கேட்டுப் பழகும் காலம் அது.

ஒரு நிறுவனத்தின் டோமோ வடிகட்டியோ இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கருவியின் மாடல், ரிசீவரின் திறனும் நீளமும், டோமின் வகையும் அளவும் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதியோ, பழைய உறையைப் படம் எடுத்தோ வைத்துக்கொண்டால் வெளியூரிலும் சிக்கலில்லை.

பேட்டரி அட்டையை மாத்திரை டப்பாவின் பக்கத்தில் வைக்கக் கூடாது. முதியவர்கள் மாத்திரை என நினைத்து விழுங்குவது உண்டு. குழந்தைகள் விழுங்கினாலோ, மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலோ, தானாக வெளியேறும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.